ஜிம்மி பாட்டும் கூலிக் கணக்கும்

2024 ஏப்ரல் கடைசியில் 'கூலி' படத்தின் டீசர் வந்தது. ரஜினி, லோகேஷ் கனகராஜ், அனிருத் என்று எல்லாம் பெரிய பெயர்கள். அதில் டிஸ்கோ, டிஸ்கோ என்று ஒரு துண்டு வரும். அது 1983-இல் வந்த 'தங்க மகன்' படத்து 'வா வா பக்கம் வா' பாட்டின் துண்டு. அனுமதி கேட்கவில்லை என்று மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து சன் பிக்சர்ஸுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. உடனே ஊர் முழுக்க நீதிபதிகள் முளைத்துவிட்டார்கள்.

ஒரு கோஷ்டி சொன்னது: "டிஸ்கோவே மேல்நாட்டுச் சரக்கு, அதுவே காப்பி. காப்பிக்கு உரிமை வேறயா?"

இன்னொரு கோஷ்டி சொன்னது: "பாட்டு வந்தாச்சுன்னா அது மக்கள் சொத்து. நாற்பது வருஷம் கழிச்சு என்ன கணக்கு வழக்கு? விடுங்கப்பா."

இரண்டு கோஷ்டியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். யாருக்கும் எதுவும் தர வேண்டாம்! அந்தப் பாட்டைப் பாடிய எஸ்.பி.பி. 2020-இல் போய்விட்டார். கூடப் பாடிய வாணி ஜெயராம் 2023-இல் போய்விட்டார். சண்டை நடந்த அந்த ஒரு மாதத்தில் வாணி ஜெயராம் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? 'கூலி' என்று பெயர் வைத்த படத்தின் விளம்பரத்திலேயே கூலிப் பிரச்சினை வந்ததை ஜோக்காக்கிச் சிரித்தவர்களுக்குக்கூட, கூலி யார் யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த இரண்டு வாதமும் எவ்வளவு பொத்தல் என்று பார்க்க, இந்தியாவின் மிகப் பிரபலமான டிஸ்கோ பாட்டு ஒன்றின் கதையே போதும். 'ஜிம்மி ஜிம்மி ஜிம்மி ஆஜா'. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாதவனுக்கும் தெரிந்த பாட்டு.

*

கதை பம்பாயில் ஆரம்பிக்கவில்லை, பிரான்ஸில் ஆரம்பிக்கிறது. 1980-இல் 'ஒட்டாவான்' என்ற குழு ஒரு பாட்டு போட்டது. பெயர் 'தே ஓகே'. நீ ஓகே என்று அர்த்தம். காதல் பாட்டுதான். எழுதி இசையமைத்தவர்கள் டேனியல் வாங்கார்ட், ழான் க்ளூகர் என்ற இருவர். பாடியவர்கள் கரீபியன் தீவுகளிலிருந்து பிரான்ஸுக்கு வந்த ழான் பாட்ரிக்கும் ஆனெட்டும். (இந்த வாங்கார்டின் பிள்ளைதான் பின்னாளில் 'டாஃப்ட் பங்க்' குழுவில் முகமூடி போட்டுக்கொண்டு உலகத்தை ஆட வைத்த தாமஸ் பங்கால்டர். அப்பன் விட்ட இடத்தில் மகன் பிடித்தான்.)

இரண்டு வருஷம் கழித்து, 1982 டிசம்பரில், பப்பர் சுபாஷ் இயக்கிய 'டிஸ்கோ டான்சர்' வந்தது. மிதுன் சக்கரவர்த்தி கதாநாயகன். இசை பப்பி லஹரி. படத்தில் இருக்கும் ஜிம்மி பாட்டை எழுதியவர் அஞ்சான். பாடியவர் பார்வதி கான். ஒட்டாவான் பாட்டையும் ஜிம்மி பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அண்ணன் தம்பி ஜாடை தெரியும். ஜாடை மட்டுமில்லை, மூக்கு, காது எல்லாமே தெரியும். ஆனால் இசை என்ற இடத்தில் இருப்பது பப்பி லஹரி பெயர் மட்டும்தான்.

இங்கே ஒரு விசித்திரம். பார்வதி கான் டிரினிடாடில் பிறந்தவர். 1845-இலிருந்து 1917 வரை கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் சந்ததிகள் வாழும் தீவு அது. பிரெஞ்சில் பாடியவர்களுக்கும் பூர்வீகம் கரீபியன், ஹிந்தியில் பாடியவருக்கும் பூர்வீகம் கரீபியன். இப்படிப்பட்ட பாட்டை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒற்றை வார்த்தையில் தள்ளுகிறவர்கள் மேல்நாடு என்றால் என்ன என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை.

அதற்கப்புறம் பாட்டு நிற்கவே இல்லை. 1984-இல் படம் சோவியத் யூனியனுக்குப் போனது. அங்கே விற்ற டிக்கெட் 6 கோடியைத் தாண்டியது. ராஜ்கபூருக்குப் பிறகு அந்த நாட்டு ஜனங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய இந்தியர் மிதுன்தான். 1985-இல் தமிழில் 'பாடும் வானம்பாடி' என்று ரீமேக் ஆகி, நாகேஷின் மகன் ஆனந்த் பாபு ஆடினார்.

2007-இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம், தன் 'கலா' ஆல்பத்தில் 'ஜிம்மி' என்று இதே பாட்டை மறுபடி பாடினார். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த மறுபடி லண்டனுக்கே அகதியாகத் திரும்பிய ஈழத்துப் பெண். ஆல்பத்தின் பெயர் அவர் அம்மாவின் பெயர். சின்ன வயசில் விருந்துகளில் ஆடிய பாட்டு அவருக்கு அது.

2022 அக்டோபரில் சீனா. கொரோனா ஊரடங்கில் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். மாண்டரின் மொழியில் 'ஜியே மீ' என்றால் அரிசி கடன் கொடு என்று அர்த்தம். காதில் விழும்போது கிட்டத்தட்ட ஜிம்மிதான். காலிப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பாட்டுக்கு வாயசைத்து ஆயிரக்கணக்கானவர்கள் வீடியோ போட்டார்கள். அரசாங்கத்தை நேராகத் திட்டினால் தணிக்கையில் காணாமல் போகும். ஹிந்தி டிஸ்கோ பாட்டை எந்தப் பிரிவில் போட்டுத் தடுப்பது? பப்பி லஹரி அதே வருஷம் பிப்ரவரியில் இறந்துவிட்டார். தன் பாட்டு அரிசி கேட்டதை அவர் பார்க்கவில்லை.

பாரிஸ், பம்பாய், மாஸ்கோ, யாழ்ப்பாணம், ஷாங்காய். இதுதான் குப்பை என்று சொல்லப்படும் ஒரு பாட்டின் பாஸ்போர்ட்.

*

முதல் கோஷ்டிக்கு வருவோம். காப்பி, ஆகவே மதிப்பில்லை என்பவர்கள்.

கூத்தாநல்லூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருவாரூர். சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்த ஊர். அதில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் செய்த உருப்படிகளில் நோட்டு ஸ்வரங்கள் என்று ஒரு வகை உண்டு, நாற்பதுக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்து, அதற்குச் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற உருப்படி எந்த மெட்டில் இருக்கிறது தெரியுமா? இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று பாடுவார்களே, அந்த நாட்டின் தேசிய கீத மெட்டு! இன்றைக்கும் பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறார்கள். தீட்சிதரைக் காப்பி என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம். சொல்ல மாட்டார்கள். காவேரிக் கரையில் நடந்தால் கலை, பம்பாயில் நடந்தால் திருட்டா?

மெட்டு ஊர் விட்டு ஊர் போகும். அதன் சுபாவம் அது. எடுத்தவன் அதை வைத்து என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. 'டிஸ்கோ டான்சர்' படத்தில், ஜிம்மியைக் கொல்வதற்காகக் கிடாரில் மின்சாரம் வைப்பார்கள். அதைத் தொட்டு அவன் அம்மா செத்துப்போவாள். அதிலிருந்து கிடாரைக் கண்டாலே அவனுக்கு நடுக்கம். போட்டி மேடையில் கை கால் விறைத்து நிற்கிறான். முன்னால் கூட்டம். அப்போது அவனை வா வா என்று கதாநாயகி கூப்பிடுகிற பாட்டுதான் இது. பிரான்ஸில் ஜாலியாகக் காதலித்துக்கொண்டிருந்த மெட்டு, இங்கே பயந்து நிற்கும் ஒருவனைக் கை பிடித்து இழுக்கிற குரலாகிவிட்டது. அஞ்சானின் வார்த்தைகள், பார்வதி கானின் அந்தக் கொஞ்சம் முரட்டுக் குரல், காட்சி, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த மாற்றத்தைச் செய்தன. இது வேலையில்லை என்றால் வேறு எது வேலை?

டிஸ்கோ மேல் உள்ள இளக்காரத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. எழுபதுகளில் நியூயார்க்கில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடிய கிளப்புகளில் வளர்ந்தது அது. வெளியே மரியாதை கிடைக்காதவர்கள் உள்ளே போய் ஆடிய இசை. 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ரகளை. டிஸ்கோ செத்தது என்று எழுதினார்கள். அடுத்த வருஷமே 'குர்பானி' படத்தில் பெங்களூர்க்காரர் பித்து இசையமைக்க, கராச்சியில் பிறந்த 15 வயசு நாஜியா ஹசன் பாடி, இந்தத் துணைக்கண்டம் முழுக்க டிஸ்கோ பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் கொளுத்திய சாம்பல் ஆறுவதற்குள் இங்கே முளைத்துவிட்டது. சிகாகோக்காரனின் வெறுப்பை இங்கே ரசனை என்ற பெயரில் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள், அந்த வெறுப்பும் இறக்குமதிச் சரக்குதான் என்று தெரிந்துகொண்டால் நல்லது.

*

இப்போது இரண்டாவது கோஷ்டி. இவர்கள்தான் ஆபத்தானவர்கள். முதல் கோஷ்டி பாட்டை வெறுக்கிறது. இவர்கள் பாட்டை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தவனை மறந்துபோகிறார்கள்.

தீட்சிதர் உதாரணத்தை இவர்களும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவர் யாரிடம் அனுமதி கேட்டார் என்பார்கள். நில்லுங்கள். நோட்டு ஸ்வரம் என்ற பெயரையே பாருங்கள். நோட்டு என்பது இங்கிலீஷ் வார்த்தை. இது வெளியூர் மெட்டு என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. மூடி மறைத்த வேலையே இல்லை. அதுவுமில்லாமல் அந்தக் காலத்தில் அந்த மெட்டை வைத்து யாரும் டிக்கெட் விற்கவில்லை, கேசட் விற்கவில்லை, கோடி பார்வைக்கு இத்தனை டாலர் என்று வாங்கவில்லை. வரவு என்று ஒன்று வந்தால் அதில் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வரும். பி.காம். முதல் வருஷப் பாடம் இது.

பாட்டு மக்கள் சொத்து என்ற தத்துவத்தைப் பப்பி லஹரியே ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் உச்சம். 1981-இல் 'ஜோதி' படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய 'தோடா ரேஷம் லக்தா ஹை' என்ற அவருடைய பாட்டு பெரிசாகப் போகவில்லை. 2002-இல் அமெரிக்காவில் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' பாட்டில் அதை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். அங்கே முதல் பத்துக்குள் வந்தது. பப்பி லஹரி பெயர் எங்கேயும் இல்லை. வழக்கு போனது. 2003 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நீதிபதி சொன்னார்: பப்பி லஹரி பெயரைப் போடாமல் அந்த ஆல்பத்தை விற்கக் கூடாது.

வாங்கார்ட், க்ளூகர் பெயரை விட்டவர், தன் பெயரை விட்டதும் கடல் தாண்டிப் போய் வழக்குப் போட்டார். பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு யோசித்தால், அந்த வழக்கில் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். தப்பு 2003-இல் இல்லை, 1982-இல் இருந்தது. அவர் கேட்ட அதே நியாயத்தை அந்த இருவருக்கும் கொடுத்திருந்தால் இன்றைக்கு அவரைக் காப்பி என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வந்திருக்காது. பெயர் போடாததால் நஷ்டம் அந்த இருவருக்கு மட்டுமில்லை, பப்பி லஹரிக்கும்தான். அவர் உண்மையாகவே செய்த வேலையும் சேர்ந்து சந்தேகத்தில் மாட்டிக்கொண்டது.

*

சரி, சட்டம் என்ன சொன்னது? ரொம்ப நாள் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை.

1977-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு ஒரு பக்கம், கிழக்கு இந்தியத் திரைப்படச் சங்கம் இன்னொரு பக்கம். தயாரிப்பாளர் காசு கொடுத்துப் பாட்டு செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பாட்டு அவருடையது என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருத்தப்பட்டார். பாடகர்களுக்கு அந்த இடம் கிடைக்க 1994 ஆனது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக் கொடுத்தால்கூட விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டிப் பங்கு 2012 திருத்தத்தில்தான் வந்தது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார்.

ஜிம்மி பாட்டு 1982. 'வா வா பக்கம் வா' 1983. இரண்டும் அந்த 1977 இருட்டுக்குள் பிறந்த பிள்ளைகள். அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ஒரு பாடலாசிரியர் கையெழுத்துப் போடும்போது, நாளைக்கு இது ஒரு செல்போனில் ஒலிக்கும், சீனாவில் அரிசி கேட்கும் என்றெல்லாம் கனவிலாவது நினைத்திருப்பாரா? அன்றைக்குக் கொடுத்த சம்பளத்தோடு கணக்கு முடிந்தது என்று இன்றைக்குச் சொல்வது, கிணறு விற்ற பத்திரத்தைக் காட்டி மழைத் தண்ணீருக்கும் உரிமை கேட்பது மாதிரி.

இளையராஜாவின் நோட்டீஸ்கள் எல்லாமே சரி என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கேட்டதே பேராசை என்று சொன்னார்கள் பாருங்கள், அதுதான் அநியாயம். பெரிய ஆளான அவர் கேட்டாலே இந்தப் பேச்சு என்றால், பெயர்கூடத் தெரியாத வயலின்காரரும் டிரம்ஸ்காரரும் கேட்டால் என்ன நடக்கும்?

*

கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று ஒரு பட்டம் உண்டு. சபுராளிகள் ஊர். மலேயா, சிங்கப்பூர் என்று போய், பிற்பாடு வளைகுடாவுக்குப் போனவர்கள் ஊருக்கு வரும்போது செண்டு, கைலி, டேப்ரிக்கார்டர் எல்லாம் வந்தது. எண்பதுகளில் டெல்டா முழுக்கக் கடைத்தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷக் கேசட்டோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டோ, அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் பேனாவால் 'ஜிம்மி ஜிம்மி - டிஸ்கோ டான்சர்' என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான். அஞ்சான் இல்லை, பார்வதி கான் இல்லை, பப்பி லஹரிகூட இல்லை. பெயர் காணாமல் போகிற வேலை பம்பாயில் மட்டும் நடக்கவில்லை. ஒவ்வொரு கடைத்தெருவிலும் நடந்தது.

கேசட் வாங்க வசதியில்லாத ஜனங்கள் பாட்டுக் கேட்டதைக் குற்றம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அட்டையில் இடமும் கொஞ்சம்தான். ஆனால் இன்றைக்கு என்ன சாக்கு? கையில் இருக்கும் போனில் இரண்டு தட்டு தட்டினால் பெயர் வருகிறது. இருந்தும் ரீல்ஸ் போடுகிறவன் 'ஒரிஜினல் ஆடியோ' என்று தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். கல்லூரி ஆண்டு விழாவில் ரிமிக்ஸுக்கு ஆடுகிறவர்கள் ஆடியவர்கள் பெயர், ஆட்டம் சொல்லித் தந்தவர் பெயர், விளக்கு போட்டவர் பெயர் எல்லாம் மைக்கில் சொல்கிறார்கள். பாட்டு யாருடையது என்று சொல்வதில்லை. கல்யாண மேடைக் கச்சேரியில் 'அடுத்து ஒரு சூப்பர் ஸ்டார் பாடல்' என்கிறார்கள். சூப்பர் ஸ்டாரா பாடினார்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. மேடையில் பாடினால், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்று பெயரையும் சொல்லுங்கள். பத்து விநாடி. வீடியோ போட்டால் கீழே ஒரு வரி எழுதுங்கள். காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற நிகழ்ச்சி என்றால் அதற்கான உரிமத் தொகையைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதுங்கள். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குகிற பணத்தில் பாட்டுக்கு மட்டும் ஏன் பூஜ்யம்? கோடி கோடியாகப் போட்டுப் படம் எடுக்கிற நிறுவனம் என்றால், டீசர் வருவதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். உரிமை உள்ளவரிடம் கேட்டால் கௌரவம் குறையாது.

இந்த டெல்டாவில் அறுவடை முடிந்தால், களத்து மேட்டிலேயே கூலி நெல் அளந்து கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை வண்டியில் ஏற்றுவது என்று ஒரு பழக்கம் இருந்தது. யார் யார் அறுத்தார்கள், யார் யார் கட்டுச் சுமந்தார்கள் என்று பெயர் பெயராகக் கூப்பிட்டு அளப்பார்கள். அளவில் ஏமாற்றியவர்கள் உண்டு, அதற்காகச் சண்டைகளும் நடந்தன. ஆனால் அறுத்தவனுக்குப் பங்கே கிடையாது, நெல் எல்லாருக்கும் பொது என்று சொல்கிற துணிச்சல் எந்தப் பண்ணையாருக்கும் வந்ததில்லை.

அந்தத் துணிச்சல் இன்றைக்குப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு வந்திருக்கிறது. அதைத்தான் ரசனை என்று சொல்லிக்கொள்கிறார்கள்.